சந்தனப் பொட்டுக்குப் பின்னால் எரிந்த லைட்

கண்ணு,

பக்கத்து அறையில் படுத்திருக்கிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். கேள். மத்தியானச் சாப்பாடு முடிந்து நீயும் மலரும் குழந்தையும் ஃபேனுக்குக் கீழே வரிசையாகத் தூங்குகிறீர்கள். உங்கப்பா ஹாலில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விடுகிறார். நாளைக் காலையில் நீங்கள் மூன்று பேரும் ஓசூர் போய்விடுவீர்கள். நேரில் பேசலாம் என்றால், நான் ஆரம்பிப்பேன், எனக்குக் குரல் ஏறும், நீ "சரிமா, விடு" என்பாய், உங்கப்பா எழுந்து வந்து ஒரு ஜோக் அடிப்பார், பேச்சு அதோடு போய்விடும். போன டிசம்பரிலிருந்து அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன். எழுத்தை நடுவில் நிறுத்தி ஜோக் அடிக்க யாராலும் முடியாது.

வண்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் ஐம்பது வயதில் கார் ஓட்டப் பழகினவள். என் அம்மா செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவள், அவளுக்கு வாகனம் என்றால் இரண்டு கால்தான். நான் இருபத்திரண்டு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். கம்பெனியில் கணக்கு முடித்துக்கொண்டு வந்ததும் நான் செய்த முதல் வேலை, யாரோ ஆறு வருடம் ஓட்டி விற்ற இந்த வெள்ளை வண்டியை வாங்கியதுதான். டிரைவிங் ஸ்கூல்காரர் "ஆன்ட்டி, கிளட்ச்சு மெதுவா, மெதுவா" என்று கத்துவதை இந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. முதல் தடவை தனியாக ஆவடி வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வந்த அன்று, இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை. உங்கப்பாவிடம் கண்ணில் தூசி என்றேன்.

அந்த வண்டியில்தான் போன வருடம் ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் மஞ்சள் லைட் எரிந்தது. குட்டியாக ஓர் இன்ஜின் படம் போட்டிருக்குமே, அது. வண்டி நன்றாகத்தான் ஓடியது. இருந்தாலும் சென்னீர்குப்பத்தில் மெக்கானிக் பாபுவிடம் கொண்டுபோனேன். அவன் ஒரு மெஷினைச் செருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "கன்வெர்ட்டர் பூட்ச்சுக்கா. பழைய வண்டி, இன்னா பண்றது? அத்த கழட்டி கடாசிட்டு சும்மா ஒரு பைப்பு போட்டுக்கலாம், லைட்டையும் அணைச்சி வுட்டுர்றேன்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஏன் தெரியுமா? எங்கள் கம்பெனியில் நாங்கள் செய்ததே அந்தக் கன்வெர்ட்டரைத்தான்! புகைக்குழாய் நடுவில் உட்காரும் அந்த எவர்சில்வர் டப்பா. அதை வாய் அடைத்து, உள்ளே காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்கிறவள் நான். ஒரே ஒரு குமிழி வந்தாலும் சிவப்பு பெயின்ட் அடித்து ஓரமாகத் தள்ளுவேன். "இவங்க கையில மாட்டினா தப்பிக்கவே முடியாது" என்று சூப்பர்வைசரே சொல்லுவார். அந்த நான், பாபுவிடம் "அப்புறமா வரேன்பா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? ஆயுத பூஜை அன்று பானெட், ஸ்டியரிங், கண்ணாடி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கூடவே மீட்டர் கண்ணாடியில், சரியாக அந்த லைட்டின் மேல், கெட்டியாக ஒரு பொட்டு வைத்தேன்.

சந்தனம் காய்ந்தால் உதிரும். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் குளித்து முழுகி புதுப் பொட்டு வைத்தேன். உங்கப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னா இது, திடீர்னு வண்டி மேல இம்மாம் பக்தி? என் நெத்திய ஒரு நாளாச்சும் திரும்பிப் பாத்துகிறியா நீ?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். சாமி பெயரில் பொய் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஏன் மறைத்தேன்? அதற்கு முந்தின தடவை நீ வந்தபோது வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே சொன்னாய்: "அம்மா, அடுத்தவாட்டி இதுல ஏதாச்சும் ஒரு லைட் எரிஞ்சா கூட வித்துடலாம், சொல்லிட்டேன்." நீ சாதாரணமாகச் சொன்னாய். எனக்கு அது தலைக்கு மேல் கத்தி. வண்டி போனால் நான் மறுபடியும் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும், எங்கே போனாலும் யாராவது கூட்டிப்போக மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் எதுவும் இல்லை.

இங்கே எனக்கு உன் காலுறை ஞாபகம் வருகிறது. ஐந்தாம் வகுப்பில் தகரம் குத்தின காலை ஸ்போர்ட்ஸ் டேக்காக மூன்று நாள் காலுறைக்குள் ஒளித்து வைத்தாயே. நான் கழற்றிப் பார்த்தபோது பாதம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது. உன்னை ஓங்கி ஓர் அறை விட்டேன், அப்புறம் உன்னைவிடப் பெரிதாக நானே அழுதேன். "ஏன்டா சொல்லல, ஏன்டா சொல்லல" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! நீ அதற்குப் பதில் சொல்லவே இல்லை. இத்தனை வருடம் கழித்து அந்தப் பதில் எனக்குத் தெரிந்தது.

தீபாவளி முடிந்து மழை பிடித்தது. நீ ஓசூரில் வேலையில் இருந்தாய், மலர் இங்கே எங்களோடு இருந்தாள், அவளுக்கு அப்போது ஆறாவது மாதம். மழை நாட்களில் அம்பத்தூரில் அவள் ஆபீசுக்கும், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பூந்தமல்லி டாக்டரம்மாவிடமும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஜன்னல் ஏற்றியிருக்கும், சிக்னலுக்கு சிக்னல் நிற்போம். வீட்டுக்கு வந்து இறங்கும்போதெல்லாம் அவள் நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். "அத்தை, தலை விண்ணு விண்ணுனு வலிக்குது, வாந்தி வர்ற மாதிரியே இருக்கு" என்பாள். நான் பெரிய டாக்டர் மாதிரி, "மாசமா இருந்தா அப்டித்தாம்மா, உன் ஊட்டுக்காரன் வயித்துல இருந்தப்ப நான் பட்டது கொஞ்சமா?" என்றேன். எலுமிச்சம்பழம் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன். ஐயோ, அந்தப் பிள்ளை நான் சொன்னதை நம்பி வண்டி முழுக்க எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தாள்.

வளைகாப்புக்கு முந்தின நாள் நீ வந்தாய். பூவும் வளையலும் வாங்க நீயும் நானும் பூந்தமல்லி போனோம், நீ ஓட்டினாய். பருத்திப்பட்டு சிக்னலில் நிற்கும்போது, சும்மா இருக்க மாட்டாமல், மீட்டர் கண்ணாடியில் இருந்த பொட்டை நகத்தால் சுரண்டினாய். சந்தனம் பொரிந்து விழுந்தது. உள்ளே மஞ்சளாக அது எரிந்துகொண்டிருந்தது. நீ அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். பின்னால் ஆரன் அடித்தார்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "எத்தினி நாளா மா?" என்றாய். "ஆயுத பூஜைலேர்ந்து" என்றேன். "இந்த வண்டிலயா அவள கூட்டிகினு போன?" என்றாய். அதற்கு மேல் நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

உன் பையிலிருந்த, வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லும் தீப்பெட்டி அளவு கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, போனில் பார்த்தாய். பாபு சொன்னதையே அதுவும் சொன்னது, கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று. "முடிஞ்சிச்சு, திங்கக்கெழம வித்துடலாம்" என்றாய். ஆனால் போனில் இரண்டு கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. என்ன கோடு என்று கேட்டேன். கோபத்தோடுதான் சொன்னாய், ஆனால் பொறுமையாகவே சொன்னாய். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சுண்டுவிரல் பருமனில் இரண்டு சென்சார்கள் உண்டு, புகையில் பிராணவாயு எவ்வளவு என்று மோந்து பார்ப்பதுதான் அவற்றின் வேலை. முன்னால் இருப்பதன் கோடு மேலும் கீழுமாக ஆடும், நடுவில் கன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்தால் பின்னால் இருப்பது ஆடாமல் நேராக இருக்கும். நம் வண்டியில் இரண்டுமே ஆடின.

டேய், எனக்கு அந்த நிமிஷம் உடம்பு சிலிர்த்தது. திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதே மறந்துபோனது. இருபத்திரண்டு வருடம் அந்த டப்பாவைத் தடவித் தடவிப் பார்த்தவள் நான். உள்ளே இடியாப்ப அச்சைவிடப் பொடியாக ஆயிரக்கணக்கான ஓட்டைகள் போட்ட வெள்ளைக்கல் இருக்கும், அதன் மேல் தங்கம் மாதிரி விலையுள்ள ஏதோ பூசியிருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அது உள்ளே என்ன செய்கிறது என்று ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நெருப்பாகக் கொதிக்கும் நச்சுப்புகை உள்ளே போய், கண்ணிமைக்கிற நேரத்தில் வேறு காற்றாக வெளியே வருகிறதாம். அதை ஒருவன் காவலுக்கு நின்று ஓயாமல் மோந்து பார்க்கிறானாம். எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்திருந்தேனே, அதே வேலை! யாரோ என்னைக் குட்டியாக்கி வண்டிக்கு அடியில் திருகி வைத்திருக்கிறார்கள்.

பூவை வாங்கிக்கொண்டு, "அப்டியே ஹைவேல கொஞ்ச தூரம் வுடு" என்று கெஞ்சினேன். "எதுக்கு?" என்றாய். "சும்மா வுடேன்டா" என்றேன். செம்பரம்பாக்கம் வரைக்கும் போனோம், போன் என் கையில். வேகம் ஏறினதும் பின்னால் இருந்த கோடு மெல்ல அடங்கி நேராக ஓடியது. லாரி குறுக்கே வந்து நீ மெதுவாக்கியதும் திரும்ப ஆடியது. மூன்று முறை பார்த்தேன். "இது சாகலடா. செத்துருந்தா வேகத்துலயும் ஆடணும். எங்கயோ ஓட்ட கீது. மெதுவா போறப்போ வெளிக்காத்து உள்ள பூந்து அந்த சென்சார ஏமாத்துது" என்றேன். நீ ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தாய். உன்னைப் பெற்றதிலிருந்து நீ என்னை அப்படிப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து இன்ஜின் ஆறின பிறகு நாம் செய்த கூத்தைத் தெருவே பார்த்தது. முன் சக்கரங்களைப் பலகைச் சரிவில் ஏற்றி, பின் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தாய். மலர் வீட்டுச் சீரில் வந்த தூசி உறிஞ்சும் மெஷினைக் காற்று ஊதும் பக்கமாக மாற்றி, ஈரத்துணி சுற்றிப் புகைக்குழாய் வாயில் கட்டினோம். கோயில் திருவிழா ஃபிளெக்ஸ் பேனரைத் தரையில் விரித்து, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீர் பாட்டிலோடு நான் அடியில் போனேன். "நைட்டியோட வண்டி அடியில போற மொத மெக்கானிக் நீதான்டீ" என்றார் உங்கப்பா. ஒவ்வோர் இணைப்பாக அடித்துக்கொண்டு வந்தேன். கன்வெர்ட்டர் சுத்தம், ஒரு குமிழி இல்லை. அதைத் தாண்டி, பின் சென்சாருக்கு ஒரு ஜாண் முன்னால், பழைய வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல். அங்கே பொங்கியது பார், சாம்பல் நிறத்தில் குமிழி குமிழியாக! "ரிஜெக்ட்டு! கண்டுபுடிச்சிட்டேன்டா!" என்று அடியிலிருந்தே கத்தினேன். நீ சிரித்ததுகூடக் காதில் விழுந்தது.

அப்போதுதான் அந்த விரிசலுக்கு நேர் மேலே பார்த்தேன். வண்டியின் தரைத் தகட்டில் ஒரு ரூபாய் அளவு ஓட்டை. அதன் வழியாக வண்டிக்குள் கிடந்த மிதியடியின் அடிப்பக்கம் தெரிந்தது. "ஏங்க, இங்க ஒரு ரப்பர் மூடி இருந்துச்சே?" என்று கேட்டேன். "அதுவா? மழைல உள்ள தண்ணி தேங்கிகினு இருந்துச்சு, வடியட்டும்னு நான்தான் புடுங்கினேன். பத்ரமா கீது, பாத்ரூம் டிரம்மு ஓட்டைல சொருகி வச்சிகிறேன்" என்றார். புகைக்குழாய் மூச்சு விடுகிற மாதிரிதான், கண்ணு. ஒரு கணம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், மறுகணம் தன் புகையை வெளியே தள்ளும். அந்தப் புகை எங்கே போயிருக்கும்? அந்த ஓட்டை எந்த சீட்டுக்குக் கீழே இருந்தது? எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு மலர் உட்கார்ந்து வந்த சீட்டுக்குக் கீழே. நீ காலைப் பிடித்து இழுத்த பிறகுதான் வெளியே வந்தேன். "மலரு, தலவலி வண்டில வந்தா மட்டுந்தான் வருதாம்மா?" என்று கேட்டேன். "ஆமா அத்தை. ஆபீஸ்ல இருந்தா, வீட்டுல இருந்தா வர்றதில்ல" என்றாள்.

ஆட்டோவில் போனோம், டாக்டரம்மாவிடம். எல்லாவற்றையும் நானே சொன்னேன், பொட்டு வைத்ததையும் சேர்த்து. நடுவில் நீ பேச வந்தாய், நான் விடவில்லை. "கடைசியா வண்டியில வந்து நாலு நாள் ஆச்சு, அந்தப் புகை இனி ரத்தத்துல தெரியாது, ஸ்கேன்ல பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா. ஸ்கேன் எடுக்கும் இருட்டு அறையில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு டகடகடகவென்று குதிரை ஓடுகிற மாதிரி வந்தது. "இப்போதைக்கு நல்லா இருக்கு, பொறக்கட்டும்" என்றார் டாக்டரம்மா. வெளியே வந்ததும் நீ கையை நீட்டினாய். நான் வண்டிச் சாவியை அதில் வைத்தேன். "நீ இனிமே ஓட்ட வேணாம் மா" என்றாய். மறுநாள் வளைகாப்பில் எல்லோரும் மலருக்கு வளையல் போட்டார்கள். நான் போடும்போது இரண்டு வளையல் உடைந்தது. அவள்தான் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். வண்டி கவர் போட்டுத் தெருவில் நின்றது, சாவி ஓசூரில். மாசி பிறந்த பிறகு ஒரு காலையில் குழந்தை பிறந்தது. என் கையில் கொடுத்ததும் நான் என்ன செய்தேன் என்று நர்சு சிரித்துச் சொன்னாளே, அது உண்மைதான். விரல்களை எண்ணினேன், காதைப் பார்த்தேன், உள்ளங்காலைப் பார்த்தேன், திருப்பி முதுகைப் பார்த்தேன். தலைமுதல் கால்வரை சோதித்தேன். அப்போது பிள்ளை முகம் சிவக்கக் கத்தினான் பார். இவன் வயிற்றுக்குள் இருந்து ஒன்றும் சொல்ல முடியாமல் இருந்தபோது, இவனுக்காக ஒரு மஞ்சள் லைட் ராப்பகலாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அதன் வாயில் சந்தனத்தை அப்பினேன். அப்பியும் அது அணையவில்லை. எந்தப் புண்ணியவான் அதை யோசித்துச் செய்தானோ தெரியாது, ஆனால் அவனை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். இருந்தாலும் பெற்றவள், ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். மறைத்தது என் தப்பு, முழுக்க என் தப்பு. ஆனால், லைட் எரிந்தால் வண்டியை விற்பேன் என்கிறவனிடம் யாரும் லைட்டைக் காட்ட மாட்டார்கள். நான் உன் காலுறைக்குள் கண்டுபிடித்ததும் அதைத்தான், எனக்குத்தான் அது புரிய இருபது வருடம் ஆனது. நான் அறைகிற அம்மாவாக இருந்தேன், நீ ஒளித்தாய். நாளைக்கு உன் பிள்ளை எதையாவது ஒளித்தால் முதலில் அவன் காலைப் பார், அப்புறம் உன் கையைப் பார். மலரும் அப்படித்தான். தலைவலி என்றால், எங்கே, எப்போது, எதில் போனால் என்று கேள். நான் கேட்காமல் போனேன்.

போன வாரம் நீ வந்ததும் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டியை பாபுவிடம் கொண்டுபோனாய். திரும்பி வந்து வாசலில் ஃபிளெக்ஸ் பேனரை விரித்து, மெஷினைக் கட்டி, சோப்புத் தண்ணீரோடு நீயே அடியில் போனாய். பாத்ரூம் டிரம்மிலிருந்து மூடி காணாமல் போனதை அப்போதுதான் கவனித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அடியிலிருந்து உன் குரல் வந்தது. "அம்மா, இங்க வந்து பாரு. நீ பாத்து பாஸ் பண்ணாத்தான்" என்றாய். நான் வந்து உன் பக்கத்தில் படுத்தேன். டார்ச் அடித்து, புது வெல்டிங்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. இருந்தாலும் இன்னொரு தடவை தண்ணீர் அடிக்கச் சொன்னேன். நீ முணுமுணுக்காமல் அடித்தாய்.

நேற்று குழந்தைக்கு ஊசி போடும் நாள். ஆட்டோ கூப்பிடுவாய் என்று நினைத்து நான் பையை எடுத்துக்கொண்டு நின்றேன். நீ சாவியை என் கையில் வைத்தாய். நான் ஏறி உட்கார்ந்தேன். மலர் கதவைத் திறந்துகொண்டு நின்றாள், நீ பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு என் பக்கத்து ஜன்னலில் குனிந்தாய். சாவியைப் பாதி திருப்பினால் எல்லா லைட்டும் ஒருமுறை எரியும், இன்ஜின் ஓடினதும் அணையும், அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்போதுகூட எரியாத லைட்டைத்தான் நம்பக்கூடாது. நான் பாதி திருப்பி நிறுத்தினேன். மஞ்சள் லைட் எரிந்தது, மேலே ஒரு பொட்டும் இல்லை. நீ பார்க்கும்வரை காத்திருந்து முழுக்கத் திருப்பினேன். இன்ஜின் ஓடியது, லைட் அணைந்தது. நீ மலரைப் பின்னால் ஏற்றி, நீயும் ஏறி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாய்.

"போலாம் மா" என்றாய்.